அப்பாவின் இடுப்பில் போட்ட வெள்ளைக் குருணை

காடாத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறரை மணி இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் மூட்டிய தீ அடங்கி, வரட்டிச் சாம்பல் மேடாகக் கிடந்தது. சுடுகாட்டில் வேலை பார்க்கும் பெரியவர் இரண்டு குடம் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். உள்ளே இன்னும் சூடு இருந்ததால் ஆவி கிளம்பியது. கம்பால் கிளறியபோது முதலில் கண்ணில் பட்டது எலும்பு இல்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில், வளைந்த கழுத்தும் நுனியில் ஓர் உருண்டையுமாக, கறுத்துப்போன உலோகத் துண்டு. அதற்குப் பக்கத்திலேயே சந்தனக் கிண்ணம் அளவில் ஒரு கவிழ்ந்த கிண்ணம். அதன் முதுகில் இரண்டு ஸ்க்ரூக்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பெரியவர் அதைக் கம்பு நுனியால் ஓரமாக நகர்த்தி வைத்தார். "ஐயாவுக்கு இடுப்புல ஆபரேசன் பண்ணியிருந்தீங்களா? முன்னெல்லாம் எப்பவாவது ஒண்ணு வரும். இப்ப நெறைய வருதுங்க" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதைக் கலயத்துல போட்டுறவா, தனியா வைக்கவா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "எலும்ப மட்டும் எடுப்பா, அதெல்லாம் எதுக்கு" என்றார் பெரியப்பா. "இருபது வருசம் அப்பாவோட இருந்ததுதானே பெரியப்பா, அதையும் சேர்த்துத்தான் கரைக்கணும்" என்றாள் அக்கா. இரண்டுமே சரியாகத்தான் பட்டது. இரண்டு வருடமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த உலோகம் அப்பாவா, இல்லையா? அது இல்லையென்றால், அதோடு சேர்த்து அவர் உடம்புக்குள் வைத்த இன்னொரு பொருள் எங்கே போனது?

சென்ட்ரிங் மேஸ்திரியின் இடுப்பு

அப்பா சென்ட்ரிங் மேஸ்திரி. சவுக்குக் கம்பு நட்டு, ஷீட் அடித்து, கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கிற வேலை. வீடு கட்டி முடிந்தபின் அவர் செய்த எதுவும் அந்த வீட்டில் மிச்சம் இருக்காது. கம்பும் ஷீட்டும் அடுத்த ஊருக்கு லாரி ஏறிவிடும். 2003-ல் ஒரு சன்ஷேடு வேலையில் கால் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு 52 வயது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. முதலில் ஸ்க்ரூ போட்டுப் பார்த்தார்கள், கூடவில்லை. அந்த இடத்தில் முறிவு, தொடை எலும்பின் தலையில் இருக்கும் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே அறுத்துவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஆறு மாதம் கழித்து இடுப்பு மூட்டையே மாற்றினார்கள்.

அறுவைக்குப் பிறகு டாக்டர் வந்து, "கம்பியைச் சிமென்ட் வச்சுப் பிடிக்க வச்சிருக்கோம்" என்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "எத்தனை நாள் சார் தண்ணி காட்டணும்?" அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர் தொழிலில் அதுதான் முதல் கேள்வி. டாக்டர் சிரித்துவிட்டு, இது வேறு சிமென்ட், கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும் என்றார். பின்னால்தான் தெரிந்தது, அது பல் செட் செய்யும் அக்ரிலிக் பிசினின் உறவுக்காரப் பொருள். பொடியையும் திரவத்தையும் கலந்தால் மாவு போலாகி, சூடு கக்கிக்கொண்டே கல்லாகும். பெயர் சிமென்ட் என்றாலும் அது பசை மாதிரி ஒட்டுவதில்லை. எலும்பின் நுண்ணிய ஓட்டைகளுக்குள் புகுந்து, இடுக்கையெல்லாம் நிரப்பி, அந்தப் பிடிமானத்தில் உலோகத்தை நிறுத்துகிறது. ஜன்னல் நிலையைச் சுவரில் வைத்துச் சுற்றிலும் கலவை அடைப்பதைப் போல.

அந்த மருத்துவமனையில் எங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது, அது தேயும் என்பதை யாரும் சொல்லவில்லை. "இனி ஆயுசுக்கும் கவலை இல்லை" என்றுதான் சொன்னார்கள். அப்பாவும் அதை நம்பினார். சம்மணம் போடக்கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக்கூடாது என்று சொன்னதை மட்டும் கடைசிவரை கடைப்பிடித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் ஓரமாக ஒரு நாற்காலியில் இலையை மடியில் வைத்துச் சாப்பிடுவார். மற்றபடி வேலைக்குப் போனார், நின்று வேலை வாங்கினார். பத்து வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை.

பள்ளம்

2013 வாக்கில் தொடை இடுக்கில் வலி என்றார். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே இரண்டு வருடம் தள்ளினார். 2015-ல் வேறொரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுத்தோம். அவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகி, கிண்ணத்துக்குப் பின்னால் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். அங்கே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். இரண்டு கோலிக்குண்டுகளை அடுத்தடுத்து வைக்கலாம், அவ்வளவு பெரிது.

உலோகம் எலும்பைத் தின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது வேறு. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பிளாஸ்டிக் வளையத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடம்பின் காவல் செல்கள் அவற்றைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க முடியாமல் ஓயாமல் அபாயக் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலைக் கேட்டு, எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. ஆக, அப்பாவின் எலும்பைத் தின்றது அப்பாவின் உடம்பேதான். ஆரம்பத்தில் இதற்குச் சிமென்ட்டைத்தான் குற்றவாளியாக்கினார்கள். 'சிமென்ட் நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் துகள்தான் பெரிய காரணம் என்று புரிந்தபின், 1990-களின் கடைசியில் கதிர்வீச்சால் இறுக்கிய பாலிஎத்திலீன் வந்தது, தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அப்பாவுக்கு முதலில் போட்டது பழைய வகை.

தொடை எலும்புக்குள் வைத்த உலோகத் தண்டு கெட்டியாக இருக்கிறது, கிண்ணத்தை மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அந்தப் பள்ளத்தை எதையாவது வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். அவர் சொன்ன வழி மூன்று. அப்பாவின் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்தே கொஞ்சம் வெட்டி எடுக்கலாம். அதுதான் எல்லாவற்றிலும் உசத்தி, ஏனென்றால் அதில் உயிருள்ள செல்களும் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு பெரிய பள்ளத்துக்கு அது பற்றாது, எடுத்த இடமும் மாதக்கணக்கில் வலிக்கும். இரண்டாவது, எலும்பு வங்கி. "செத்தவங்க எலும்பு எனக்கு வேண்டாம் சார்" என்றார் அப்பா உடனே. "எல்லாமே செத்தவங்களோடது இல்லைங்கய்யா. உங்கள மாதிரி இடுப்பு மாத்திக்கிறவங்ககிட்ட வெட்டி எடுக்கிற பந்து இருக்குல்ல, அதைச் சோதிச்சு, உறைய வச்சுப் பத்திரமா வச்சிருப்பாங்க" என்றார் டாக்டர். எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. 2004-ல் அப்பாவிடமிருந்து எடுத்த பந்தை என்ன செய்தார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. குப்பைக்குத்தான் போயிருக்கும். எப்படிச் சொல்லியும் அப்பா சம்மதிக்கவில்லை. அவர் உடம்பு, அவர் முடிவு. மிச்சமிருந்தது மூன்றாவது வழி, செயற்கை எலும்பு.

அறுவை அன்று தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஒரு சிஸ்டர் வந்து சீட்டைக் கையில் கொடுத்து, கீழே மருந்துக்கடையில் இதை வாங்கி வாங்க என்றார். மூன்று சின்னப் பாட்டில்கள். ஒவ்வொன்றும் அட்டைப்பெட்டிக்குள், அதற்குள் இன்னொரு உறைக்குள். பில்லைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அப்பாவின் ஒரு மாதச் சம்பாத்தியம் அந்த மூன்று பாட்டிலுக்கே போய்விட்டது. மாடிப்படியில் நின்று ஒன்றை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நொய்யரிசி போல வெள்ளைக் குருணை. குலுக்கினால் சன்னமாகக் கலகலத்தது. அவ்வளவுதான். உலோகக் கிண்ணத்துக்குக் காசு கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அது பளபளவென்று கனமாக இருந்தது. இந்தக் குருணையைப் பார்த்ததும் ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றியது. கோபத்தை அடக்க முடியாமல் மறுநாள் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்: "சுண்ணாம்புத் தூளுக்கா சார் இவ்வளவு காசு?"

அவர் கோபப்படவில்லை. கட்டிலில் படுத்திருந்த அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "ஐயா, நீங்க சென்ட்ரிங் வேலைதானே? கான்கிரீட் இறுகுறவரைக்கும் நீங்க முட்டுக் கொடுக்கிறீங்க. அந்த மாதிரி இது எலும்புக்கு முட்டு. அந்தக் குருணை மேல உங்க எலும்பு செல் ஊர்ந்து வந்து உட்காரும். புது எலும்பு போடும். போடப் போட, குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக்கிட்டே வரும்." அப்பா கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ முட்டும் அதுவே, பிரிஞ்சுக்கிறதும் அதுவேவா?" என்றார். டாக்டர் ஆமாம் என்றார். "பிரிக்கிற நாள் அதுக்கு எப்படிச் சார் தெரியும்?" என்று கேட்டார் அப்பா.

இந்தத் துறையில் ஐம்பது வருடமாக ஆய்வகங்களில் உட்கார்ந்திருப்பவர்களின் கேள்வியும் அதுதான் என்பது அன்றைக்கு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

ஒட்டாமல் இருப்பதே குணம் என்ற காலம்

அதற்கப்புறம் நான் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் கட்டட வரைபடம் வரைகிறவன், மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் பொருளின் பலம், சுமை, தேய்மானம் என்று வரும்போது அந்தப் பாஷை எனக்குப் புரிந்தது.

மனிதர்கள் எலும்புக்கு மாற்றாக முதலில் தேடியது எலும்பு மாதிரியே இருக்கும் ஒன்றைத்தான். 1890 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டாக்ளிஸ் க்ளுக் என்ற அறுவை மருத்துவர் காசநோயால் அரித்த முழங்கால்களுக்கு யானைத் தந்தத்தில் மூட்டு கடைந்து வைத்தார். பிடிமானத்துக்குப் பிளாஸ்டர், நுரைக்கல் தூள், பிசின் எல்லாம் கலந்த கலவை. கிருமித் தொற்றில் அவை தோற்றுப்போயின. அந்தத் தந்தத்தை இன்னொருவர் வெற்றியாக்கினார் என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பர்மாவில், மாண்டலே பொது மருத்துவமனையில் சான் பா என்ற டாக்டர். 1960-ல் 83 வயது பௌத்தத் துறவிப் பெண் ஒருவருக்கு, முறிந்து கூடாத இடுப்புக்குத் தந்தத்தில் பந்தும் தண்டும் செய்து வைத்தார். அப்படி 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார். அந்த ஊரில் அன்றைக்கு வெளிநாட்டு உலோகத்தைவிடத் தந்தம் மலிவு. அவருடைய நோயாளிகளில் பெரும்பாலோர் நடந்தார்கள், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். குத்துக்காலிட்டு என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். தந்தமும் அடிப்படையில் எலும்பின் சரக்குதான், கால்சியம் பாஸ்பேட்டும் கொலாஜன் நாரும். யானையைக் கொன்று எடுக்கும் பொருளுக்கு இன்று இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனாலும் அந்த மருத்துவரின் கண் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறது.

உலகம் போன வழி வேறு. உடம்புக்குள் வைக்கும் பொருள் எதனோடும் சேரக்கூடாது, துருப்பிடிக்கக்கூடாது, தேயக்கூடாது, அதாவது உடம்புக்கு அது இருப்பதே தெரியக்கூடாது. நல்ல பொருளுக்கு அதுதான் இலக்கணம் என்று நெடுங்காலம் இருந்தது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் அப்படித்தான் இடுப்பு மூட்டுக்கு டெஃப்லானில் கிண்ணம் செய்தார். வழுக்குமே தவிர எதனோடும் ஒட்டாத பொருள். சில வருடங்களிலேயே தேய்ந்து, துகள்கள் திசுக்களைக் குலைத்தன. உண்மையைத் தெரிந்துகொள்ள அவர் அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே வைத்துப் பார்த்தார். அங்கே கட்டி திரண்டது. தன் நோயாளிகளுக்குச் செய்ததன் வலியைத் தன் உடம்பிலும் வாங்கிக்கொண்ட மனிதர் அவர். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1962-ல் லங்காஷயர் தறிகளுக்குப் பல்சக்கரம் விற்க வந்த ஒரு விற்பனையாளர் கொண்டுவந்த பாலிஎத்திலீன் துண்டைச் சார்ன்லியின் உதவியாளர் தேய்மான எந்திரத்தில் வைத்துப் பார்க்க, அது டெஃப்லானைவிடப் பல மடங்கு தாங்கியது. அப்பாவின் இடுப்புக்குள் இருந்த வளையம் அந்த நெசவுத்தறிச் சக்கரத்தின் வம்சம்.

டைட்டானியம் வந்ததும் இப்படித்தான் தற்செயலாக. 1952-ல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் ப்ரோனமார்க் என்ற ஆய்வாளர் முயல்களின் காலெலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் குழாய்களைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இன்று பல் இம்பிளான்ட் போட்டுக்கொள்கிற பெரும்பாலோர் வாயில் இருப்பது அந்த முயல்கள் காட்டிய வழி. ஆனால் டைட்டானியமும் கரைந்து இடம் கொடுக்காது. பிடிமானம் உண்டு, பரிமாற்றம் கிடையாது. அதோடு விறைப்பு என்று ஒரு சங்கதி இருக்கிறது. கெட்டியான எலும்பைவிட டைட்டானியக் கலவை ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பானது, கோபால்ட்-குரோமியம் பத்து மடங்கு. இரண்டு தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விறைப்பான தூண்தான் அதிகச் சுமையை வாங்கும் என்பது வரைபடம் வரைகிற எவருக்கும் தெரியும். கான்கிரீட் தூணாக இருந்தால் சுமை குறைந்ததற்காக அது மெலிந்துபோகாது. எலும்பு மெலியும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே எழுதிவிட்டார். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதக்கிறவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வலுவான உலோகம் வைத்தால் எலும்புக்கு நல்லது என்று நான் நம்பிக்கொண்டிருந்தது இங்கேதான் உடைந்தது.

இந்தக் கதை முழுவதிலும் என் மனத்தில் நிற்பது ஒரு பஸ் பயணம். 1967-ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற கண்ணாடி ஆய்வாளர் ஒரு ராணுவக் கருத்தரங்குக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு கர்னல். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்காததால் வெட்டி எடுத்த கை கால்களைப் பற்றி அவர் சொல்லி, மனித உடம்புக்குள் நிலைத்திருக்கும் ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறார். ஹென்ச் ஊர் திரும்பி யோசித்தது நேர் எதிர்த் திசையில். எல்லோரும் உடம்போடு சேராத பொருளைத் தேடினார்கள், அவர் சேருகிற பொருளைத் தேடினார். எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும், அதையே வெளியே கசியவிடுகிற கண்ணாடி ஒன்றை உருக்கினால் என்ன? 1969-ல் ஃப்ளாரிடா பல்கலைக்கழகத்தில் அதைச் செய்தார். எலிகளின் தொடையெலும்பில் வைத்துப் பார்த்த அறுவை மருத்துவர், இழுத்தாலும் தள்ளினாலும் அது வரமாட்டேன் என்கிறது என்று சொன்னாராம். கண்ணாடியின் மேற்பரப்பு உடம்பின் நீரில் மெல்லக் கரைந்து, எலும்பின் கனிமத்தைப் போன்ற ஒரு படலத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. எலும்பு அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

கரைவதிலும் வேகம்தான் விஷயம். ஜெர்மனியில் ட்ரேஸ்மன் என்பவர் 1892-லேயே காசநோய் அரித்த எலும்புப் பள்ளங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் நிரப்பியிருக்கிறார். உடம்பு அதை ஏற்கும், ஆனால் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். எலும்பு வந்து சேர்வதற்குள் பள்ளம் மறுபடி காலி. எலும்பின் கனிமத்தைப் போன்ற கால்சியம் பாஸ்பேட்டான ஹைட்ராக்ஸி அபடைட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டுக் கெட்டியாக்கினால் அது வருடக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதன் உறவுக்கார உப்பான ட்ரை கால்சியம் பாஸ்பேட் இரண்டுக்கும் நடுவில், மாதக் கணக்கில் கரையும். ஆகவே ஹைட்ராக்ஸி அபடைட்டையும் இதையும் கலக்கிறார்கள். அப்பாவின் பாட்டிலில் 60-க்கு 40 என்று போட்டிருந்தது. நாங்கள் ஸ்லாபுக்கு 7 நாள், 14 நாள், பெரிய பீமுக்கு 21 நாள் என்று முட்டுப் பிரிக்கக் கணக்கு வைத்திருக்கிறோம். சீக்கிரம் பிரித்தால் தளம் தொங்கும். பிரிக்காமலே விட்டால் வீட்டுக்குள் குடிபோக முடியாது. எலும்புக்குள் அந்தக் கணக்கை எழுதுவது அந்த 60-ம் 40-ம்தான்.

வேதிப்பொருள் மட்டும் போதாது, ஓட்டையும் வேண்டும். ரத்தக்குழாய் நுழைய வழியில்லாத குருணைக்குள் எலும்பும் நுழையாது. 1974-ல் டெல்லா ராய் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடன் பணியாற்றியவரும் கடல் பவளத்தை எடுத்து, அதன் ஓட்டை அமைப்பு கெடாமல் அதன் சுண்ணாம்பை மட்டும் ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டை அமைப்பு தெரியும். அது பவளக்கல். ஒருமுறை ராமேசுவரம் போனபோது அப்பா அந்தச் சுவரில் நகத்தை வைத்து, "இது சிமென்ட்ட நல்லாக் குடிக்கும்" என்றார். இன்று நம் கடலில் பவளத்தைத் தொடவே கூடாது, சட்டம் தடுக்கிறது. அது நல்லதுதான். இத்தாலியின் ஃபயென்சாவில் பிரம்பைக்கூடப் படிப்படியாக எலும்புக் கனிமமாக மாற்றியிருக்கிறார்கள். பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் ஹைட்ராக்ஸி அபடைட்டையும், ஹென்ச் உருக்கியது போன்ற உயிர்க்கண்ணாடியையும் சேர்த்த கூட்டுப்பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே நடப்பதைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுத வேண்டும் என்பது என் ஆசை.

நான்கு எக்ஸ்ரேக்கள்

அப்பாவின் ஃபைலில் நான்கு படங்கள் இருக்கின்றன. ஆறாம் வாரத்தில் எடுத்ததில் கிண்ணத்துக்குப் பின்னால் குருணை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, கோலப்பொடியைக் கொட்டியது போல. ஆறாம் மாதத்தில் ஓரத்துக் குருணைகள் மங்கியிருக்கின்றன. ஒரு வருடத்தில் அவற்றுக்கு நடுவிலிருந்த கறுப்பு போய்விட்டது. நான்காவது படம் 2019-ல் எடுத்தது. அதில் பள்ளம் எங்கே இருந்தது என்று நான் டாக்டரைக் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் மட்டும் சில வெள்ளைப் புள்ளிகள், மற்றபடி எலும்பின் சாதாரண வரிகள். அந்தப் படத்தை அப்பா வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பிரிஞ்சிருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. என் சின்ன வயதில், முட்டுப் பிரித்த வீட்டுக்குள் நின்று தளத்தின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்ப்பாரே, அதே முகம்.

2023-ல் மாரடைப்பில் போனார். இடுப்பு கடைசிவரை வலிக்கவில்லை.

அந்தக் காலைக்கு வருகிறேன். உலோகத்தைப் பற்றிய பேச்சு முடியாமலே இருக்க, பெரியவர் கால் பக்கத்திலிருந்து எலும்பு பொறுக்க ஆரம்பித்தார். காலிலிருந்து தலைக்குப் போக வேண்டும், அதுதான் முறை. இடுப்புக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க எடுங்க" என்றார். பாலும் தண்ணீரும் தெளித்திருந்த சாம்பலுக்குள் கையை விட்டேன். ஒரு துண்டு வந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. எடையே இல்லை. வெள்ளை வெளேரென்று, உடைந்த ஓரத்தில் நுண்ணிய ஓட்டைகள். விரலால் தேய்த்தேன். ஓரத்திலிருந்து சில குருணைகள் உதிர்ந்தன. இன்னொரு துண்டோடு அது உரசியபோது கலகலவென்று சன்னமாக ஒரு சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் மருத்துவமனை மாடிப்படியில் கேட்டது.

நீரையும் நாரையும் தீ எடுத்துக்கொண்டபின் எலும்பில் மிஞ்சுவது கால்சியம் பாஸ்பேட். தீயின் சூட்டில் அதன் படிகங்கள் பெரிதாகி, சூளையில் வைத்த மண் போலக் கெட்டிப்படுகின்றன. தொழிற்சாலை உலையில் அந்தப் பாட்டிலுக்குள் போன பொடிக்கு நடந்ததும் இதுதான். என் கையில் இருந்த துண்டில் எது அப்பா பிறந்தபோதே கொண்டுவந்த எலும்பு, எது குருணையைக் கரைத்து அவர் உடம்பு போட்ட எலும்பு, எது இன்னும் கரையாமல் நின்ற ஒன்றிரண்டு குருணை என்று பிரிக்க வழியே இல்லை. அந்த மூன்று பாட்டில்களைத் தேடினேன், கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் வளையம் எரிந்துபோயிருந்தது, அக்ரிலிக் சிமென்ட்டும் எரிந்துபோயிருந்தது. ஆயுசுக்கும் மாறாது என்று சொல்லி வைத்த உலோகம் மாறாமல் அப்படியே தனியாகக் கிடந்தது. சுண்ணாம்புத் தூள் என்று நான் சண்டை போட்ட பொருள்தான் அவரோடு சேர்ந்திருந்தது. அந்தத் துண்டை நானே கலயத்தில் வைத்தேன். அக்காவைப் பார்த்து, "அக்கா, அந்தக் கம்பி வேண்டாம், தனியா இருக்கட்டும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், மறுத்துப் பேசவில்லை.

அப்பாவின் இருபது வருட நடை அந்த உலோகத்தின் மேல்தான் நடந்தது, அதை நான் மறக்கவில்லை. அது இல்லையென்றால் 52 வயதிலேயே கட்டிலோடு இருந்திருப்பார். ஆனாலும் டாக்டரிடம் நான் கேட்ட கேள்விக்கு இப்போது வெட்கப்படுகிறேன். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒருநாள் போனேன். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

கலயத்தைத் திருப்புவனத்துக்குக் கொண்டுபோனோம். காசிக்குக் கொண்டுபோன எலும்பு அந்த ஊரில் பூவாக மாறியது என்று தலபுராணம் சொல்வார்கள், அதனால் எங்கள் பக்கத்தில் பலரும் அங்கேதான் போவது. வைகையில் அன்றைக்கு முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மணலைத் தோண்டி, ஊற்று ஊறும்வரை காத்திருந்து கரைத்தோம்.

உலோகத்தை ஒரு துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தேன். நெதர்லாந்தில் 1997-லிருந்து தகன மேடைகளில் மிஞ்சும் இந்த உலோகங்களைச் சேகரித்து உருக்கி மறுபடி பயன்படுத்துகிறார்களாம். நம் ஊரில் யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, அம்மா அதைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு போகவில்லை. உருண்டையில் மட்டும் ஓரிடம் கண்ணாடி போலப் பளபளத்தது. துடைத்துக் கொண்டுவந்து அப்பாவின் வேலைப் பையைத் திறந்து, தூக்குக்குண்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.